நம்பரை பிளாக் பண்ணினால் போதுமா?

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 19. ஓமலூர் பக்கம் கிராமம், அப்பா தறி ஓட்டுகிறார். வேகப்பந்து போடுவேன். மாவட்ட லீக்கில் ஒரு கிளப்புக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டிலும் ஆடுகிறேன். வாழப்பாடி மைதானத்தில் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) நடந்தபோது வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போனேன். அங்கே பழக்கமான ஒருவர் எனக்கு ஸ்பைக்ஸ் ஷூ வாங்கித் தந்தார். அப்புறம் வாட்ஸ்அப்பில் யாருக்குக் காயம், பிட்ச் எப்படி என்று கேட்க ஆரம்பித்தார். இப்போது அடுத்த டோர்னமென்ட்டில் இரண்டாவது ஓவரில் ஒரு வைடு போட்டால் 5,000 ரூபாய் என்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். நம்பரை பிளாக் பண்ணிவிட்டு சும்மா இருந்துவிடலாமா? அப்பாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, தறிக்கூலியில் ஓடும் வீட்டில் 5,000 ரூபாய் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அதனால் நீ சொன்ன அந்த 'முடியாது' எனக்கு ரொம்பப் பெரிசு. ஆனால் பிளாக் பண்ணினால் மட்டும் போதாது. அவர் வேறு நம்பரில் வருவார், இல்லையென்றால் உன் கூட ஆடும் இன்னொரு பையனிடம் போவார்.

வங்கதேச வீரர் ஷாகிப் அல் ஹசன் விஷயத்தைச் சொல்கிறேன். 2019 அக்டோபரில் அவருக்கு இரண்டு வருடத் தடை வந்தது, அதில் ஒரு வருடம் நிறுத்திவைக்கப்பட்டது. பணம் வாங்கியதாகவோ ஆட்டத்தை விற்றதாகவோ அவர் மேல் குற்றச்சாட்டே இல்லை. சூதாட்டத் தொடர்புள்ள ஒருவர் அணியின் உள்விவரங்களைக் கேட்டு வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப அணுகியிருக்கிறார், இவர் அதை ஊழல் தடுப்புப் பிரிவுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் போட்டிகளில் உலகின் முதல் நிலை ஆல்ரவுண்டராக இருந்தவருக்கே அந்தக் கதி. கேட்டதை மறைப்பது தனிக் குற்றம், ஐ.சி.சி. விதிப்படி ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை தடை உண்டு. உன்னிடம் யாருக்குக் காயம் என்று கேட்டதும் அதே வகைதான். ஏதாவது பதில் சொல்லியிருந்தாயா என்று நீ எழுதவில்லை. சொல்லியிருந்தால் அதையும் மறைக்காதே.

டென்னிஸ் பால் ஆட்டத்தில் யார் பந்தயம் கட்டப்போகிறார்கள் என்று நீ நினைக்கலாம். 2022-ல் குஜராத்தில் மோலிபூர் என்கிற கிராமத்தில் ஒரு வயலை மைதானமாக்கி, கூலிக்கு வந்த பையன்களுக்கு ஐ.பி.எல். ஜெர்சி மாட்டிவிட்டு, ஒரு ஆட்டத்துக்கு 400 ரூபாய் கொடுத்து ஆடவைத்து, அதை யூடியூபில் ஓட்டி, ரஷ்யாவில் இருப்பவர்களைப் பந்தயம் கட்டவைத்திருக்கிறார்கள். அம்பயர் வாக்கிடாக்கியில் வந்த உத்தரவுப்படி கை காட்டியிருக்கிறார். உங்கள் டோர்னமென்ட்டும் யூடியூபில் லைவ் போகிறது என்றால் அந்த ஒரு வைடுக்கு எங்கோ ஒருவன் பணம் கட்டியிருப்பான். 2010-ல் லார்ட்ஸில் சொல்லிவைத்து நோபால் போட்டபோது பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் முகமது ஆமிருக்கு 18 வயது, உன்னைவிடச் சின்னப் பையன். ஐந்து வருடத் தடையோடு சிறைக்கும் போனான். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் இந்திய டீமுக்குப் போனதற்கு அப்புறம் நம்ம மாவட்டத்தில் யார்க்கர் போடும் பையன்களைத் தேடி வருகிறவர்கள் அதிகம். ஷூ வாங்கித் தருகிற எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், நல்ல மனசோடு செய்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் அதற்குப் பதிலாக வைடு கேட்க மாட்டார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒரு மெசேஜைக்கூட அழிக்காதே. ஸ்கிரீன்ஷாட் எடு, அவர் பேசிய தேதி, இடம், கூட யார் இருந்தார்கள் என்பதை எழுதிவை. ஷூவை நீயே போய்த் திருப்பிக் கொடுக்காதே, அவரைத் தனியாகச் சந்திக்கவே வேண்டாம். பெட்டியில் போட்டு வை, பழைய ஷூவில் ஆடு. கிளப் கோச்சிடம் சொல்லி, அவர் மூலமாக மாவட்டச் சங்கத்துக்கு எழுத்தில் கொடு, கொடுத்ததற்கு ஒரு நகல் உன் கையில் இருக்கட்டும். சங்கத்திலிருந்து பி.சி.சி.ஐ.யின் ஊழல் தடுப்புப் பிரிவுக்குக் கொண்டுபோகச் சொல். யாராவது 'இதையெல்லாம் பெரிசு பண்ணாதே' என்றால் அடுத்த ஆளிடம் போ. மிரட்டல் வந்தால் நேரே போலீஸ் ஸ்டேஷன்தான்.

இதற்கெல்லாம் முன்னால் அப்பா. திட்டுவார், முதலில் ஷூவைப் பற்றித்தான் திட்டுவார், திட்டட்டும். ஆனால் சங்கத்துக்குப் போகும்போது உன் பக்கத்தில் அவர் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வரைக்கும் தள்ளிப்போடாதே, இன்றைக்கு அவர் தறியை நிறுத்திவிட்டு வந்ததும் போனை அவர் கையில் கொடுத்துவிடு.