ரப்பர் தோட்டத்து ஓரத்தில் கால்மியா வளருமா?

கேள்வி: மகள் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் இருக்கிறாள். போன ஜூனில் அங்கே போனபோது காட்டோரம் முழுக்க வெள்ளையும் ரோஸுமாக ஒரு பூ. 'மவுண்டன் லாரல்' என்றாள். விதை கொண்டுவந்து எங்கள் ரப்பர் தோட்டத்து ஓரமாகப் போடலாமா? வீட்டில் ஆடும் தேன்பெட்டியும் உண்டு.
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: வேண்டாம் அம்மா. ஆசை புரிகிறது, ஆனால் ஆடு இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது. அந்தச் செடியின் பெயர் கால்மியா. மொத்தமே பத்துச் சொச்சம் இனங்கள்தான், பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரயனோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆடு மேய்ந்தால் வாயில் நுரை தள்ளித் தள்ளாடும், செத்தும் போகலாம். இதே வகையில் குட்டையான ஒன்றுக்கு அங்கே 'ஆட்டுக்குட்டிக்கொல்லி' என்ற அர்த்தத்திலேயே பெயர். கால்மியாப் பூவின் தேனும் கசக்கும், மனுஷருக்கும் ஆகாது.

மண்ணைப் பொறுத்தவரை நம்ம செம்மண்ணில் புளிப்புத்தன்மை உண்டு, அது கால்மியாவுக்குப் பிடித்ததுதான். சூடுதான் பிரச்சினை. பனி உறைகிற குளிர்காலத்துக்குப் பழகிய செடி அது, நம்ம வெயிலில் நிற்காது. அப்புறம், அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டு விதையைக் கொண்டுவரச் சட்டத்திலும் இடமில்லை.

ஆனால் அந்தப் பூ லேசுப்பட்டதில்லை. 1748-ல் அமெரிக்கா போய்ச் செடி சேகரித்த பெர் கால்ம் என்ற தன் மாணவரின் பெயரைத்தான் சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் இதற்கு வைத்தார். கனெக்டிகட் 1907-லேயே அதைத் தன் மாநிலப் பூவாக்கிக்கொண்டது. தலைகீழாகப் பிடித்த குடை மாதிரி விரிந்திருக்கும் பூவுக்குள் குடைக்கம்பி போல 10 மகரந்தத் தண்டுகள் வளைந்து, ஒவ்வொன்றின் நுனியும் இதழில் உள்ள சின்னக் குழிக்குள் மாட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கும். வண்டு வந்து தட்டியதும் தண்டு விடுபட்டுச் சுண்டுவில் மாதிரி எகிறி, மகரந்தத்தை அதன் மேல் வீசிவிடும்.

தோட்டத்து ஓரத்துக்கு வெட்சி வையுங்கள், நம்ம தெச்சிதான். அதற்கும் புளிப்பு மண் பிடிக்கும், கொத்துக் கொத்தாகவும் பூக்கும். மறுபடி ஜூனில் மகள் வீட்டுக்குப் போனால், புதிதாக விரிந்த பூவாகப் பார்த்து ஒரு தண்டை ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் கையை மட்டும் கழுவிவிடுங்கள்.