குளிசையை விட்டது முதலில், கிட்னிப் பயம் பிறகு

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். கன காலமாக நீரிழிவு. போன வருடம் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினார், மெட்போமின் குளிசையையும் விட்டார். சில மாதங்கள் கழித்து, "குளிசை கிட்னியைப் பழுதாக்கும்" என்று சொல்லத் தொடங்கினார். முன்பு அப்படிச் சொன்னதே இல்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிறார், "இது சீனி இல்லைத்தானே" என்கிறார். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தச் சோதனையில் 9.6 சதவீதம், அது கூடுதல். படித்த மனுஷன் ஏன் இப்படி மாறினார்?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: நீங்கள் எழுதிய வரிசையிலேயே விடை இருக்கிறது. குளிசை நின்றது முதலில், நம்பிக்கை வந்தது பிறகு.

"நான் விஷயம் தெரிந்தவன்", "நான் மருந்து போடுவதில்லை" என்ற இரண்டும் ஒரே மனதில் நிம்மதியாக இருக்க முடியாது. இந்த உறுத்தலை அறிகை முரண்பாடு என்று பெயரிட்டு 1957இல் விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர். உறுத்தல் தீர வேண்டுமென்றால் ஒன்று மாற வேண்டும். கிளினிக்குக்குத் திரும்பிப் போனால் "ஏன் ஐயா இவ்வளவு நாளும் வரேல்லை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். அதைவிடக் குளிசையைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றுவது சுகம். அப்பா பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறார். நம் சுயமதிப்பில் கைவைக்கும் விஷயத்தில்தான் இந்த உறுத்தல் கூடுதலாக வலிக்கும் என்றார் பெஸ்டிங்கரின் மாணவர் எலியட் அரன்சன். அதனால் படிப்பு இதற்குத் தடையாக இருப்பதில்லை. படித்தவருக்கு நியாயங்கள் இன்னும் நன்றாகக் கிடைக்கும்.

கிட்னிக் கதைக்கும் ஒரு வேர் உண்டு. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டொக்டர்மாராகிய நாங்கள் மெட்போமினின் அளவைக் குறைப்போம், மிகவும் பலவீனமானால் நிறுத்திவிடுவோம். அதைப் பார்த்த அயலவர்கள் குளிசைதான் பழுதாக்கியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சீனியும் பிரஷரும். பனங்கட்டியும் சீனியைப் போலத்தான் இரத்தத்தில் ஏறும்.

இதையெல்லாம் அப்பாவிடம் வாதாடி நிரூபிக்கப் போகாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். ஏன் என்பதை ஒரு பழைய ஆய்வு காட்டுகிறது. 1959இல் பெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் ஸ்டான்போர்ட் மாணவர்களுக்கு அலுப்பான வேலையொன்றைக் கொடுத்து, அடுத்து வருபவரிடம் "சுவாரசியமான வேலை" என்று சொல்லச் சொன்னார்கள். சிலருக்கு 20 டொலர், சிலருக்கு 1 டொலர். பிறகு கேட்டபோது, 1 டொலர் வாங்கியவர்கள்தான் அந்த வேலை தங்களுக்குப் பிடித்திருந்ததாகக் கூடுதலாகச் சொன்னார்கள். 20 டொலர்காரருக்குப் பொய் சொன்னதற்குக் காசு என்ற காரணம் இருந்தது. மற்றவர்களுக்கு அது போதவில்லை, அதனால் மனமே மாறியது. உங்கள் வீட்டிலும் அழுது, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளைக் கொண்டு போனில் பேசவைத்துக் குளிசையை விழுங்கவைக்கலாம். "பிள்ளைகளின் கரைச்சலுக்காகப் போடுறன்" என்ற காரணம் அவருக்குக் கிடைத்துவிடும், நம்பிக்கை அப்படியே இருக்கும்.

அவராகவே தெரிவு செய்யும் ஒரு சின்னச் செயலிலிருந்து தொடங்குங்கள். குளுக்கோமீற்றரை அவர் கையில் கொடுங்கள். பனங்கட்டியோடு தேநீர் குடிக்க முன் ஒரு தடவை, இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு தடவை அவரே விரலில் குத்திப் பார்த்து, தன் கையெழுத்தில் கொப்பியில் எழுதட்டும். விஞ்ஞான ஆசிரியருக்கு இது பழகிய வேலை. எண்ணைப் பார்த்து யாரும் வாய் திறக்கக் கூடாது, குறிப்பாக "நான் அப்பவே சொன்னன்தானே" வேண்டாம்.

இன்னொன்று: குளிசை வயிற்றைக் குழப்பியதா என்று அவரிடம் ஆறுதலாகக் கேளுங்கள். மெட்போமினால் வயிற்றோட்டமும் ஓங்காளமும் வருவது சாதாரணம், அதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும், மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது. அதோடு, மதிப்போடு திரும்பி வர அவருக்கு ஒரு வழியும் கிடைக்கும்: "குளிசையை மாற்றித் தரக் கேட்கப் போறன்" என்று கிளினிக்குக்குப் போகலாம்.

வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய குளிசையைத் தானாகத் தொடங்க வேண்டாம். முதலில் இரத்தத்தில் கிரியேற்றினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்க வேண்டும். அவர் பயப்படும் கிட்னியின் நிலையும் அதில் தெரிந்துவிடும். கடும் தாகம், விடாத வாந்தி, மயக்கம், காலில் ஆறாத புண் இவற்றில் ஒன்று கண்டாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.