மணிக்கட்டு வலிக்கு தோட்டாவோட வெடிமருந்தைக் குறைச்சா போதுமா?

கோத்தகிரி அண்ணா, .32 ரிவால்வர் நாலு ரவுண்டுக்கே மணிக்கட்டு வலிக்குது, அமெரிக்காக்காரன் மாதிரி வீட்லயே வெடிமருந்து கம்மியா போட்டு தோட்டா கட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம்ணே. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5, லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கவே கூடாது. அங்க அவங்க .38 ஸ்பெஷல்ங்கிற தோட்டால 148 கிரெயின் எடை வாட்கட்டர், அதாங்க தட்டை மூஞ்சி குண்டு, அத கேஸ் (தோட்டாவோட உலோகக் கூடு) வாய் வரைக்கும் உள்ள இறக்கி கொஞ்சூண்டு மருந்துல மெதுவா சுடுவாங்க, ஆனா பெரிய கேஸ்ல அந்த துளி மருந்து அடியில எங்கயோ கெடக்கும், மறந்து ரெண்டு தடவ போட்டாலும் பாத்தா தெரியாது, ரொம்ப கம்மியானா குண்டு பேரல்லயே சிக்கிக்கும், அது தெரியாம அடுத்தத சுட்டா பேரல் போச்சு.

மொதல்ல பிடிய பாருங்க. கட்டவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற கவட்டை, பிடியோட மேல் விளிம்பு வரைக்கும் ஏறணும், கீழ பிடிச்சா சுடும்போது துப்பாக்கி மூக்கு தூக்கும், அந்த அடி மொத்தமும் மணிக்கட்டுக்குத்தான். ரெண்டு கையாலயும் பிடிங்க. ரப்பர் பிடி கெடச்சா மாத்துங்க. காலைல பனியில வெறச்ச கையோட ஆரம்பிக்காதீங்க (நம்மூரு தைலம் தேய்ச்சா சுகமாத்தான் இருக்கும், ஆனா பிடி வழுக்கும், நான் பட்டிருக்கேன்). வலி அடங்குற வரைக்கும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல்ல பழகுங்க, உதையே தெரியாது. வீக்கம் இருந்தா எலும்பு டாக்டர்கிட்ட காட்டிருங்கண்ணே.