நோட்டில் எழுதிய பாஸ்வேர்டு

வணக்கமுங்க அண்ணா,

கோபியில இருந்து எழுதறேன். பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா கேமை ஆறு வருஷமா விளையாடறேன். எங்க ஈரோடு–சத்தி ரூட்ல ஓடின ஒரு தனியார் பஸ்ஸை, கரூர்ல கட்டின அதே பாடியோட, ஒருத்தர் மோடா, அதாவது கேமுக்குள்ள சேர்த்து ஓட்டற ஃபைலா, செஞ்சிருந்தார். ஏர் ஹாரன், டிரைவர் தலைக்கு மேல சாமி படம், பின் கண்ணாடி எழுத்து எல்லாம் அச்சு அசல். இப்ப அவரோட சேனலைக் காணோம். மீடியாஃபயர் லிங்க் திறக்கறதில்லை. டெலிகிராம்ல மெசேஜ் போட்டு எட்டு மாசமாச்சு, பார்க்கவே இல்லை. ஜிப் பாஸ்வேர்டை வீடியோ முடியறப்பதான் காட்டுவார். நான் நோட்டுல எழுதிவெச்சதால என்கிட்ட மட்டும் திறக்குது. கூட வந்த ரீட்மி குறிப்புல "ரீஅப்லோடு பண்ணாதீங்க, லாக் உடைக்காதீங்க"ன்னு போட்டிருக்கார். குரூப்ல எல்லாரும் "அவரே விட்டுட்டுப் போயிட்டாரு, நீ போடு"ங்கறாங்க. போடலாமுங்களா? போடலைன்னா என் போன் கெட்டா அந்த பஸ்ஸும் போயிருமே?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய ரீட்மியை முழுக்கப் படித்தேன். கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு வரி அதன் கடைசியில் இருக்கிறது. கரூரில் ஒரு பாடி கட்டும் பட்டறைக்குப் போய், கேட்டுக்கொண்டு உள்ளே நின்று படம் எடுத்து அளவு பார்த்தாராம். அந்தப் பட்டறைக்கு நன்றி எழுதியிருக்கிறார். கட்டி முடிக்காத ஒரு வண்டியைப் பார்ப்பதற்கே கேட்டுவிட்டு உள்ளே போன மனிதர் அவர். அவர் வேண்டாம் என்று எழுதிவைத்த ஒன்றை, ஆள் இல்லை என்பதற்காக நாம் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் காப்பாற்றி வைப்பது வேறு, ஊருக்குப் போடுவது வேறு. முதல் காரியத்துக்கு நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே, கணினி நிரலை முறையாகப் பெற்று வைத்திருப்பவர் அது அழிந்துபோகாமலிருக்க நகல் எடுத்துக்கொள்வதை மீறலாக எண்ணுவதில்லை. அதனால் இன்று ராத்திரியே அந்த ஜிப்பைத் திறக்காமல், பெயர் மாற்றாமல், வந்தது வந்தபடியே இரண்டு இடங்களில் எடுத்து வையுங்கள். போனிலும் அதே போனின் மெமரி கார்டிலும் வைத்தால் அது ஓரிடம்தான். கூடவே ரீட்மி, பாஸ்வேர்டு, கேமின் எந்த வெர்ஷனில் ஓடியது என்ற குறிப்பு, பத்து ஸ்கிரீன்ஷாட். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் ஜிப்பை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மோட்கள் அழிவது பெரும்பாலும் ஃபைல் தொலைந்து அல்ல. சுற்றியிருந்த இந்தச் சின்ன விஷயங்கள் தொலைந்துதான்.

இனி ஊருக்குப் போடுவது. "விட்டுட்டுப் போயிட்டாரு" என்று குரூப்பில் சொல்கிறார்களே, சட்டத்தில் அப்படி ஒரு நிலை கிடையாது. ஒருவர் வாழ்நாள் முழுதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அவர் வேலை அவருடையதுதான். உரிமையை விட்டுவிட விரும்பினால் அதை அவர் அறிவித்துச் செய்ய வேண்டும். 21ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. சேனலை மூடுவது அந்த அறிவிப்பு ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. மோட் என்பதே கரூர் பஸ் மாதிரிதான். சேஸிஸ் ஒரு கம்பெனியுடையது, பாடி பட்டறையில் கட்டியது, மேலே எழுதிய பெயர் முதலாளியுடையது. உங்கள் ஜிப்பிலும் கேம் மாலியோ நிறுவனத்துடையது, மாடல் இவருடையது, ஹாரன் சத்தம் வேறொரு நண்பர் பதிவு செய்து கொடுத்தது என்று ரீட்மியிலேயே இருக்கிறது. இவர் சரி என்றாலும் அந்த நண்பர் பாக்கி. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் கேமின் மோட்களை ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் காசுக்கு விற்க ஆரம்பித்தபோது, மீன் பிடிக்கும் மோட் ஒன்று இன்னொருவரின் அனிமேஷன் வேலையைச் சார்ந்திருந்தது தெரிந்து விற்பனையிலிருந்து இறங்கியது. சில நாளில் அந்தத் திட்டமே திரும்பப் பெறப்பட்டது.

எதிர்ப்பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். 2021 ஜூலையில் மோட்களைப் பகிரும் நெக்ஸஸ் மோட்ஸ் தளம், செய்தவரே நீக்கினாலும் ஃபைலை முழுக்க அழிக்க மாட்டோம், உள்ளே எடுத்து வைப்போம் என்று அறிவித்தது. பிடிக்காதவர்கள் முழுதாக எடுத்துக்கொண்டு போகச் சில வாரம் அவகாசம் கொடுத்தது, சிலர் போனார்கள். ஃபைலை வைத்திருப்பது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதைவிட, பழைய விதியை நம்பிப் போட்டவர்கள் எடுத்துக்கொண்டு போக வழி விட்டார்களே, அதுதான் முக்கியம்.

இதை நான் அனுபவித்துத்தான் கற்றேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடிய ஒரு பெரியவரின் கேசட் என்னிடம் இருந்தது. அண்ணன்மார் போரில் விழும் படுகளம் பாடும் பகுதி. டேப் ஒட்ட ஆரம்பித்திருந்தது. அவசரமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யூடியூபில் போட்டேன். பாட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமையாகவும் இருந்தது. சில மாதம் கழித்து அவர் மகன் போனில் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. "எங்கய்யன் பேரைக்கூடப் போடலீங்களே. கேட்டிருந்தா இன்னும் நாலு கேசட் குடுத்திருப்பனுங்க" என்றார். அன்றைக்கே வீடியோவை எடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அந்த நாலில் இரண்டு அதற்குள் பூஞ்சணம் பிடித்திருந்தன. நான் முதலிலேயே போய்க் கேட்டிருந்தால் அவையும் பிழைத்திருக்கும்.

ஆகவே என் பதில்: போடாதீர்கள். ரீட்மியில் அவர் ஒன்றுமே எழுதாமல் போயிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு, அவர் பெயரோடு, ஒரு எழுத்து மாற்றாமல், அவர் வந்து கேட்டால் உடனே எடுத்துவிடுவேன் என்ற குறிப்போடு, காசு வாங்காமல் போடுங்கள் என்றிருப்பேன். சட்டம் அதையும் முழுக்க ஏற்காது. அந்தப் பொறுப்பை ஏற்க நான் தயார். மௌனத்தை அப்படி எடுத்துக்கொள்ள இடமுண்டு. வேண்டாம் என்ற சொல்லை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

நீங்களும் மோடோ, லிவரியோ (பஸ்ஸின் மேல் போடும் பெயிண்ட் டிசைன்) செய்பவராக இருந்தால், ஒன்று சொல்கிறேன். உங்கள் ரீட்மியில் இன்றே ஒரு வரி சேருங்கள்: "ஒரு வருஷம் என்னிடமிருந்து பதில் வராவிட்டால், என் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் திரும்ப ஏற்றலாம்." வெளிநாட்டு மோடர்கள் பலர் இப்படி எழுதி வைக்கிறார்கள். இவர் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

தேடலில் ஒரு கதவு இன்னும் தட்டப்படவில்லை. அந்தப் பட்டறையின் பெயர் ரீட்மியில் இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு வேலையாகக் கரூர் போகிறேன். நேரில் போய், அவர் நம்பரைக் கேட்காமல், கோபியில் ஒரு தம்பி உங்களைத் தேடுகிறான் என்ற தகவலை மட்டும் சேர்க்கச் சொல்லி உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்துவிட்டு வருகிறேன். உங்களுக்குச் சம்மதம்தானே? ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.