பிரிட்டனில் எதை மெச்சுவது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு மாதங்களாக மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் ஷெஃபீல்டில் இருக்கிறேன். இங்கே கடையில் யாரும் முண்டுவதில்லை. சாலையோரம் நின்றாலே கார் நிற்கிறது. நான் போய் இடித்தால் இடிபட்டவர் ‘ஸாரி’ என்கிறார். போனில் இதைச் சொன்னால் என் மச்சான் கொதிக்கிறார். ‘இருநூறு வருஷம் சுரண்டினவன் கதவைத் திறந்து பிடிச்சா நல்லவனாயிடுவானா?’ என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இவர்களிடம் உண்மையிலேயே மெச்சத்தக்கது எது? கார் வாங்கியிருக்கிறேன், ஞாயிறுகளில் குடும்பத்தோடு வயல்வெளியில் நடக்கவும் போகிறோம். புதிதாக வந்தவர்கள் எதிலெல்லாம் தடுமாறுவார்கள்? இன்னொன்று, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன துணி நான்கு பை கிடக்கிறது. இங்கே சாரிட்டி கடையில் (பழைய பொருளை இனாமாக வாங்கி விற்று, அந்தப் பணத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிடும் கடை) கொடுக்கச் சொல்கிறார்கள். பழந்துணியைக் கொடுப்பது மரியாதையா?

வி., ஷெஃபீல்டு

அன்புள்ள வி.,

‘ஸாரி’யை முதலில் ஒதுக்கிவிடலாம். அது பெரும்பாலும் இருமல் போல வந்து போகிற ஒலி. அதைக் கேட்டு உருகவும் வேண்டாம், பொய் என்று கோபப்படவும் வேண்டாம். கதவைப் பிடிப்பதும் அந்தக் கணக்குதான். உங்கள் மச்சான் அதையெல்லாம் போலி என்று சொன்னால் விட்டுக்கொடுத்துவிடுங்கள், நமக்கு நஷ்டமில்லை.

நான் மெச்சுவது வேறு. அந்த நாட்டின் சாதாரண ஜனங்கள், பல சமயம் தங்கள் சொந்த எசமானர்களோடே மல்லுக்கட்டி, சில பொது ஏற்பாடுகளை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். உண்டாக்கியதோடு விடாமல் அளவு குறித்து, சட்டத்தில் எழுதி, சலிக்காமல் பராமரிக்கிறார்கள். பேரரசை நடத்திய ஆட்களுக்கும் இவர்களுக்கும் உள்ள தூரம் மச்சானுக்குச் சொல்ல வேண்டிய பதிலில் பாதி.

வரிசையைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று, சுருக்கமாக முடிக்கிறேன். 1940 முதல் 1954 வரை ரேஷன் இருந்த தேசம் அது. இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் நின்று நின்று கால் பழகியது. அதோடு விதியும் உண்டு. இங்கிலாந்து ரயில்வே துணைவிதிகளில் முதலாவது விதியே வரிசை பற்றியதுதான்: அறிவிப்புப் பலகையோ பணியாளரோ சொன்னால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணியின் உடலைப் பார்க்க ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் நின்றார்கள். லண்டனின் சவுத்வார்க் பார்க் வரை நீளும்படி 10 மைல் பாதை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. சேர்ந்ததும் கையில் எண் போட்ட வண்ணப் பட்டை கட்டினார்கள். அது இருந்தால் கழிப்பறைக்கோ தண்ணீருக்கோ போய்விட்டுப் பழைய இடத்துக்கே திரும்பலாம். கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 12 மணி நேரத்துக்கு மேல் நின்றார். ஒழுங்கு என்று நாம் வியப்பதில் பாதி அந்தக் கைப்பட்டைதான். இடம் பறிபோகாது என்ற உறுதி இருந்தால் எந்த ஊர் ஆளும் பொறுமையாக நிற்பான்.

கண்ணுக்குத் தெரியாத வரிசைதான் புதியவர்களைக் கவிழ்க்கும். மதுக்கடை மேடையில் ஒருவர் பின் ஒருவராக நிற்பதில்லை, பக்கவாட்டில் பரவி நிற்பார்கள். யார் முன்னால் வந்தார் என்பது எல்லோர் மனத்திலும் இருக்கும். பணத்தை ஆட்டக் கூடாது, விரல் சொடுக்கக் கூடாது. பரிமாறுபவர் உங்களைப் பார்த்து ‘அடுத்து யார்?’ என்றால், உங்களுக்கு முன்னால் வந்தவரைக் கை காட்டுங்கள். அடுத்த முறை உங்களைக் காட்ட ஒருவர் இருப்பார்.

கார் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ஜீப்ரா கிராசிங்கின் இருபுறமும் மஞ்சள் உருண்டை விளக்கு மினுங்கும் கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். 1934-இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர்-பெலீஷாவின் பெயரில் அவை பெலீஷா விளக்குகள். கறுப்பு வெள்ளைப் பட்டை 1951-இல் சேர்ந்தது. பட்டையில் ஒருவர் கால் வைத்துவிட்டால் நிறுத்துவது சட்டக் கட்டாயம். 2022 ஜனவரி 29 முதல் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு இன்னும் ஒரு படி போய், கடக்கக் காத்து நிற்பவருக்கே வழிவிடச் சொல்கிறது. நீங்கள் ஒரு கிளைச் சாலைக்குள் திரும்பும்போது, அதன் வாயைக் கடக்க நிற்பவருக்கும் அப்படியே. இந்த இரண்டாவது, அங்கேயே பிறந்த ஓட்டுநர்களில் பலருக்குப் பழகவில்லை. ஆகவே நடக்கும்போது அதை நம்பி இறங்கிவிடாதீர்கள், சக்கரம் நின்றதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஓட்டும்போது ஜீப்ராவுக்கு முன்னுள்ள நெளிகோட்டுப் பகுதியில் முன்னால் போகும் வண்டியை முந்தாதீர்கள், அங்கே வண்டியை நிறுத்திவைக்கவும் செய்யாதீர்கள். முன்வண்டி நின்றிருந்தால் அதற்கு முன்னால் ஒரு குழந்தை கடந்துகொண்டிருக்கலாம்.

முகப்பு விளக்கைச் சிமிட்டுவது இன்னும் ஆபத்து. தமிழ்நாட்டில் எதிரே வருபவன் விளக்கடித்தால் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று பொருள். பிரிட்டிஷ் சாலையில் அநேகமாக ‘நீங்கள் போங்கள்’ என்று பொருள். விதித்தொகுப்பைக் கேட்டால் இரண்டும் இல்லை, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தெரிவிக்க மட்டுமே விளக்கடிக்கலாம், அதை வழிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. ஊர்ப் பழக்கத்தில் நீங்கள் விளக்கடித்துக்கொண்டே முன்னேற, எதிரே இருப்பவர் நீங்கள் வழிவிட்டதாக நினைத்து வலப்புறம் திரும்பினால் இருவரும் நடுவில் சந்திப்பீர்கள். விளக்கைத் தொடாமலே ஓட்டப் பழகுவது நல்லது. குறுகிய தெருவில் வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து விரலை உயர்த்தினால் போதும், அந்த நன்றியை மட்டும் மறக்காதீர்கள்.

இனி நடைக்கு வருவோம். அந்த நாட்டில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,25,000 கிலோமீட்டர் பொதுப்பாதைகள் இருக்கின்றன. பெரும்பாலும் தனியார் நிலத்துக்குள்தான் போகின்றன. கோதுமை வயலின் நடுவே, பண்ணைவீட்டு முற்றத்தின் வழியே, சில இடங்களில் ஒருவருடைய சமையலறை ஜன்னலை உரசியபடி. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஊர் ஜனம் 20 ஆண்டு தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், அனுமதி கேட்காமல் ஒரு வழியில் நடந்திருந்தால், அது பொதுப்பாதையாக விடப்பட்டது என்றே சட்டம் கொள்ளும். நில உரிமையாளர் அப்படி எண்ணவில்லை என்பதற்குச் சான்று காட்டினால்தான் மாறும்.

பாதையில் வழிகாட்ட அம்புக்குறிகள் இருக்கும். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும் வரலாம். ஆர்டினன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனத்தின் 1:25,000 வரைபடத்தில் விட்டுவிட்டுப் போகும் பச்சைக் கோடுகளைப் பாருங்கள், வேலிகள்கூடத் தனித்தனியாகத் தெரியும். அம்பைப் பார்க்காமல் வேலியை மட்டும் நம்பி நடந்தால் அடுத்த பண்ணையில் போய் முட்டுவீர்கள்.

அளவுகளைக் கேளுங்கள். வயலின் குறுக்கே போகும் நடைபாதையை விவசாயி உழலாம், ஆனால் 14 நாளுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குத் தரையைச் சமன்செய்து, பாதை தெரியும்படி விட வேண்டும். அதே விதைப்புக்கு மறுபடி உழுதால் 24 மணி நேரம்தான் அவகாசம். வயலோரப் பாதையை உழவே கூடாது, 1.5 மீட்டர் விட வேண்டும். பயிர் பாதையை மூடினாலும் அவர்தான் வெட்டிவிட வேண்டும். வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படியும் வாயிற்கதவும் நில உரிமையாளர் பொறுப்பு, செலவில் கால்பங்குக்குக் குறையாமல் கவுன்சில் தர வேண்டும். ஏதாவது அடைத்துக் கிடந்தால், நடந்து போக வந்தவர் என்ற முறையில் கடக்கத் தேவையான அளவுக்கு மட்டும் விலக்கிக்கொண்டு போகலாம். பிறகு கவுன்சிலின் பாதை அலுவலருக்கு வரைபடக் கட்ட எண்ணும் ஒரு படமும் அனுப்புங்கள். நம் கிராம வரைபடத்திலும் வண்டிப்பாதை இருக்கும், தரையில் போய்ப் பார்த்தால் அது யாரோ ஒருவரின் தென்னந்தோப்பாக இருக்கும். கோடு இரண்டு நாட்டிலும் உண்டு. அது மறையாமலிருக்க அங்கே நடந்து பார்த்துப் புகார் எழுதும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்.

தவறுவது எங்கே என்றால், முதலில் வாயிற்கதவு. திறந்திருந்தால் திறந்தபடி, சாத்தியிருந்தால் சாத்தியபடி விட வேண்டும். நல்லது செய்வதாக நினைத்துத் திறந்த கதவைச் சாத்தினால் ஆடுகள் தண்ணீருக்குப் போக முடியாமல் நிற்கும். அடுத்தது மாடு. மாட்டோடு வளர்ந்த நாம்தான் இதில் ஏமாறுவோம். அங்கே இறைச்சிக்காகத் திறந்தவெளியில் விட்ட பசுக்களுக்கு மனிதக் கை பழக்கமில்லை, கன்றோடு இருந்தால் பாயும். ஆண்டுதோறும் ஆட்கள் சாகிறார்கள். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள், பாதையை விட்டுச் சுற்றிப் போவதில் தவறில்லை. நாயைக் கயிற்றில் பிடித்திருக்கும்போது மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீர்கள்.

உங்கள் மச்சானுக்கான பாடம் ஷெஃபீல்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. 1604-க்கும் 1914-க்கும் இடையே 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களைப் போட்டு, இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஊருக்குப் பொதுவாயிருந்த நிலத்தை அந்த நாட்டுப் பாராளுமன்றமே தனியார் கையில் கொடுத்தது. பீக் மலைப்பகுதி மேட்டுநிலங்கள் காட்டுக்கோழி வேட்டைக்காகப் பூட்டப்பட்டுக் கிடந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் ஹேஃபீல்டில் கூடிக் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி ஏறினார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. நில உரிமையாளர்களின் காவலாட்களோடு கைகலப்பானது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள், ராத்மனுக்கு நான்கு மாதம். 1949-இல் வந்த சட்டம் ஒவ்வொரு கவுண்டியும் (நம் ஜில்லா மாதிரி) தன் பொதுப்பாதைகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. 1951-இல் அதே பீக் மாவட்டம் முதல் தேசியப் பூங்கா ஆனது. இதை மெச்சுவதால் கிளைவையோ டல்ஹவுசியையோ மெச்சியதாக ஆகாது. நம்மைச் சுரண்டிய கூட்டம்தான் இவர்கள் நிலத்தையும் வேலி போட்டது.

ஸ்காட்லாந்து போனால் கணக்கே வேறு. 2003 சட்டப்படி பாதை இல்லாத இடத்திலும் பொறுப்போடு நடக்கலாம். வீட்டு முற்றமும் விளைந்த பயிரும் விலக்கு.

துணிக்கு வருகிறேன். சாரிட்டி கடைகளில் பெரிய பெயரான ஆக்ஸ்ஃபாமின் தொடக்கம் 1942-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய ஒரு குழு. நாஜிகள் பிடித்திருந்த கிரேக்கத்தில் ஜனம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது, உணவு போகாததற்கு பிரிட்டனின் சொந்தக் கடல் முற்றுகையும் ஒரு காரணம். அதைத் தளர்த்தச் சொல்லித் தங்கள் அரசையே நெருக்கியவர்கள் இவர்கள். அடுத்த ஆண்டு வங்கத்தில் லட்சக்கணக்கானோர் அதே அரசின் கீழ் பட்டினியில் செத்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே மச்சானிடம் சொல்லுங்கள்.

பழந்துணியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அங்கே வக்கீலும் வாங்குவார், மாணவியும் வாங்குவார். கொடுப்பதில்தான் முறை இருக்கிறது. துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொடுங்கள். கிழிந்ததையும் கறைபட்டதையும் தனிப் பையில் ‘கந்தை’ என்று எழுதித் தரலாமா என்று கடையில் கேளுங்கள், பல கடைகள் அதைக் கந்தல் வியாபாரிக்கு எடைக்குப் போட்டுக் காசாக்கும். குழந்தைத் துணியில் சில கண்டிப்புகள் உண்டு. தலைமூடியில் இழுகயிறு உள்ள சிறுபிள்ளை மேல்கோட்டை விற்பது 1976 முதல் சட்டவிரோதம், கழுத்து இறுகும் ஆபத்து. இரவு உடையில் தீப்பாதுகாப்புச் சீட்டு இருக்க வேண்டும், உறுத்துகிறது என்று வெட்டியிருந்தால் அதைத் தள்ளிவையுங்கள். காரில் வைக்கும் குழந்தை இருக்கையும் ஹெல்மெட்டும் பெரும்பாலான கடைகளில் எடுக்க மாட்டார்கள், உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது.

கொடுக்கும்போது ‘கிஃப்ட் எய்ட்’ உண்டா என்று கேட்பார்கள். நீங்கள் அங்கே வருமான வரி கட்டுகிறவர் என்றால் ஆம் என்று சொல்லலாம். உங்கள் பைக்கு ஓர் எண் ஒட்டுவார்கள். சட்டப்படி விற்கும்வரை துணி உங்களுடையது, கடை உங்கள் முகவர். விற்ற பணத்தை நீங்கள் நன்கொடையாக விட்டால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசு சேர்த்துத் தரும். அது நீங்கள் கட்டிய வரியிலிருந்து போவதாகக் கணக்கு. ஆகவே உங்கள் மனைவி வேலைக்குப் போகவில்லை, வரி கட்டவில்லை என்றால் அவர் பெயரில் எழுத வேண்டாம், பிறகு வித்தியாசத்தை அவரிடம் கேட்பார்கள்.

கடை மூடியபின் வாசலில் பையை வைத்துவிட்டு வராதீர்கள். இரவு மழையில் நனைந்தால் அத்தனையும் குப்பைக்குத்தான் போகும், அதை அள்ளும் செலவும் அந்தத் தர்ம நிறுவனத்தின் தலையில். பின்னறை நிரம்பிவிட்டால் பகலிலும் எடுக்க மாட்டார்கள். கிளம்பும் முன் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.