முதற்பலன் உவமையாக முடியுமா?

கேள்வி: சென்ற மாதம் என் தந்தையாரின் அடக்க ஆராதனையில் போதகர் 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தை வாசித்தார். ஆத்துமா அழியாதது என்பதே போதுமான ஆறுதல் அல்லவா? இயேசு சரீரத்தோடு எழுந்தார் என்பதை நல்லதோர் உவமையாகக் கொண்டால் விசுவாசத்துக்கு என்ன நஷ்டம்?

பதில்: முழு நஷ்டம். இது என் கணக்கன்று. போதகர் வாசித்த அதே அதிகாரத்தில், கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் பிரசங்கமும் விருதா, விசுவாசமும் விருதா என்று, கொரிந்து சபைக்கு அக்கடிதத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுலே எழுதியிருக்கிறார்.

ஏறக்குறைய கி.பி. 55இல் அக்கடிதத்தைப் பெற்ற கொரிந்து சபையாரிலும் மரித்தோரின் உயிர்த்தெழுதல் இல்லை என்றவர்கள் இருந்தார்கள். ஆத்துமா அழியாது என்பது கிரேக்கருக்குப் புதிய செய்தியன்று. உடல் ஆத்துமாவின் சிறை என்னும் எண்ணத்தைப் பிளேட்டோ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். சுவிசேஷமும் அவ்வளவுதான் என்றால், அத்தேனே பட்டணத்து மார்ஸ் மேடையில் பவுலை ஒருவரும் பரியாசம்பண்ணியிருக்கமாட்டார்கள். மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று கேட்டபோதுதான் சிரித்தார்கள்.

பவுல் கிறிஸ்துவை ‘நித்திரையடைந்தவர்களில் முதற்பலன்’ என்கிறார். லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தின்படி, அறுப்பின் முதற்பலனாகிய கதிர்க்கட்டை ஆசாரியனிடம் கொண்டுவர, அவன் அதை ஓய்வுநாளின் மறுநாளில் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டவேண்டும். அந்தக் கட்டும் வயலில் இன்னும் அறுக்கப்படாமல் நிற்கும் கதிர்களும் ஒரே விளைச்சல். முதலாவது வந்துவிட்டது என்பதே மற்றவையும் வரும் என்பதற்கு அடையாளம். உவமைக் கதிரை எந்த ஆசாரியனும் அசைவாட்ட முடியாது. இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவும் கல்லறையைவிட்டு வெளியே வந்தவன்தானே என்பீர்கள். அவன் திரும்பி வந்தது மீண்டும் ஒருநாள் மரிக்கவேண்டிய வாழ்வுக்கு; அதனால்தான் அவனை ஒருவரும் முதற்பலன் என்று அழைக்கவில்லை. கிறிஸ்துவோ இனி மரிப்பதில்லை. உயிர்த்தெழுந்தபின் பூட்டிய அறைக்குள் வந்து நின்றவரும், சீஷர்கள் கொடுத்த பொரித்த மீனை அவர்களுக்கு முன்பாகப் புசித்தவரும் அவரே. பழைய உடலின் தழும்புகள் அவரிடம் இருந்தன, பழைய உடலின் சாவு இல்லை.

மரித்த விசுவாசி கிறிஸ்துவோடு இருக்கிறார் என்பதை நான் மறுக்கவில்லை. பிலிப்பியருக்குப் பவுல் அதையும் எழுதினார். ஆனால் அது காத்திருப்பே தவிர, முடிவன்று. நம் இரங்கல் சுவரொட்டிகள் ‘ஆத்துமா சாந்தியடைய’ என்பதோடு நின்றுவிடுவதைப் பார்த்தால், விசுவாசப்பிரமாணத்தில் ‘சரீரம் உயிர்த்தெழுதலும்’ என்று நாமே சொல்லுவது நம் காதில் விழவில்லை போலும்.

உங்கள் தந்தையாரின் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது, ‘அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்’ என்ற 42ஆம் வசனத்தையும் போதகர் வாசித்திருப்பார். புதைக்கப்படும் என்று பவுல் அங்கே எழுதவில்லை.