வீட்டில் செய்யும் அணிகளும் பரிசுகளும்: கேள்வி பதில்

காகிதம், நூல், மணி, துணி இவற்றில் செய்யும் அணிகள், சின்னப் பரிசுகள் பற்றிக் கேளுங்கள். தையல் இயந்திரமும் மரவேலையும் என் துறை இல்லை.

காகிதப்பூ: அக்கா, க்வில்லிங்கில் (மெல்லிய காகிதப் பட்டைகளைச் சுற்றிச் செய்யும் வேலை) ஜிமிக்கி செய்தேன். இரண்டு நாளில் குடை அமுங்கிவிட்டது. ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் வேறு இருக்கிறது. எங்கே தவறினேன்?

அளவு வித்தியாசத்துக்குக் காரணம் சுற்றும் இறுக்கம். இரண்டுக்கும் ஒரே அகலம், ஒரே நீளமுள்ள பட்டைகளை எண்ணி எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் இரண்டையும் சுற்றுங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்றால் கை மாறிவிடும். ஜிமிக்கிக்கு 3 மி.மீ. அல்லது 5 மி.மீ. பட்டை போதும். நான்கைந்து பட்டைகளை முனையோடு முனை ஒட்டி, இடைவெளியே இல்லாமல் இறுக்கிச் சுற்றி, கடைசி முனையை ஒட்டிக் காய விடுங்கள். அதன்பிறகு உருண்டையான மூடி எதன் மீதாவது வைத்து மெல்ல அழுத்தினால் குடை வடிவம் வரும்.

குடை அமுங்கியதற்குக் காரணம், உட்பக்கம் பசை பூசாததுதான். வெள்ளைப் பசையைக் குடையின் உள்ளே வழித்துப் பூசி, கவிழ்க்காமல் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். பலர் தொட்டுப் பார்த்து ஈரம் இல்லை என்றதும் வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள். மேலே காய்ந்தாலும் சுற்றுகளுக்கு நடுவே ஈரம் இருக்கும். வார்னிஷ் அதை உள்ளேயே அடைத்துவிடும், காகிதம் தொய்ந்துபோகும். 24 மணி நேரம். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்.

வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சாக இருக்கட்டும். வியர்வையும் தூறலும் தாங்கும். குளிக்கும்போது கழற்றித்தான் ஆக வேண்டும்.

மணிமாலை: எலாஸ்டிக் நூலில் கோத்த கைச்சங்கிலி அடிக்கடி அறுந்துவிடுகிறது.

கோக்கும் முன் நூலைச் சில முறை நன்றாக இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போட்ட பிறகு தளர்ந்து, மணிகளுக்கிடையே நூல் தெரியும். சாதாரண மணிகளுக்கு 0.7 அல்லது 0.8 மி.மீ. நூல் சரி. முடிச்சுப் போடும்போது ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி இறுக்குங்கள், வழுக்காது. முடிச்சின் மேல் சூப்பர் க்ளூ வைக்காதீர்கள். அது காய்ந்தால் விறைத்துவிடும், விறைத்த இடத்தில்தான் எலாஸ்டிக் அறும். காய்ந்தாலும் வளைந்து கொடுக்கும் நகைப் பசை ஒரு துளி போதும். மணியின் துளை விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் எந்த நூலும் நிற்காது.

புதுவரவு: தோழிக்குக் கம்மல் செய்து கொடுத்தேன். காது அரிக்கிறது என்கிறாள்.

பெரும்பாலும் கொக்கியில் உள்ள நிக்கல்தான் காரணம். உடனே கழற்றச் சொல்லுங்கள். டைட்டானியம் அல்லது நியோபியம் கொக்கி மாற்றிக் கொடுங்கள். 'சர்ஜிகல் ஸ்டீல்' பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் அதிலும் நிக்கல் உண்டு. பரிசு என்றால் கொக்கி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். யார் காதுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது கொடுப்பவருக்குத் தெரியாது.

பொத்தான்: கூந்தல் கிளிப்பில் ரிப்பன் பூ ஒட்ட க்ளூ கன் (பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி விடும் கருவி) போதும்தானே?

போதாது. வழவழப்பான உலோகத்தில் அந்தப் பசை பிடிப்பதே இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. நகைப் பசையால் ஒட்டி 24 மணி நேரம் காய விடுங்கள்.

பொத்தான்: மன்னிக்கணும் அக்கா, நான் பல வருஷமாக அதில்தான் செய்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

நூல்கண்டு: எனக்கும் அதே அனுபவம். நிமிடத்தில் முடிகிற வேலைக்கு 24 மணி நேரம் ஏன்?

சரி, இதை விரிவாகவே பேசுவோம். க்ளூ கன் குச்சி சூட்டில் உருகி, ஆறினால் இறுகும் பிளாஸ்டிக். அது வேதிவினையால் கெட்டியாவதில்லை. அதனால் மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்தக் கிளிப்பை விட்டுப் பாருங்கள். குளிரில் வேறு விதமாகக் கெடும்: விறைத்து, உலோகத்திலிருந்து முழுசாகக் கழன்று வரும். உங்கள் கிளிப் ஒன்றை ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்து, எடுத்ததும் பூவை முறுக்குங்கள். பரிசு வாங்கியவர்கள் பிய்ந்ததைச் சொல்லச் சங்கடப்படுவார்கள். குறை வரவில்லை என்பதை வைத்து உறுதியை அளக்க முடியாது.

பொத்தான்: ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தேன். வெறும் கிளிப்பில் ஒட்டியது கழன்றது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரிப்பன் சுற்றிய கிளிப்பில் ஒட்டியது அசையவில்லை!

அருமை. நீங்கள் சரியான வழியையே செய்துவைத்திருக்கிறீர்கள். துணியின் இழைகளுக்குள் உருகிய பசை இறங்கி இறுகுவதால் துணியோடு துணி நன்றாகப் பிடிக்கிறது. கிளிப்பை முதலில் ரிப்பனால் சுற்றி, முனைகளை நகைப் பசையால் ஒட்டிவிட்டு, அதன் மேல் பூவுக்கு க்ளூ கன் பயன்படுத்தலாம். ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி), அட்டை, சணல் இவற்றுக்கும் அதுவே வசதி. வெறும் உலோகம், கண்ணாடி, வழவழப்பான பிளாஸ்டிக்கில் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

நூல்கண்டு: அப்போ சூப்பர் க்ளூ?

துணியில் வேண்டவே வேண்டாம். பஞ்சு, பருத்தி, கம்பளியில் அது அதிகம் பட்டால் தோல் பொசுங்கும் அளவுக்குச் சூடேறும். பளபளப்பான கற்களைச் சுற்றி வெண்படலமும் படியும்.

தாமரை: கல் ஒட்ட எந்தப் பசை?

நகைப் பசை. 24 மணி நேரம்.

வானவில்: மரத்துண்டில் உலோகக் கொக்கி ஒட்ட எந்தப் பசை?

ஒட்டாதீர்கள். துளையிட்டு வளையம் மாட்டுங்கள். வளையத்தைத் திறக்கும்போது இரண்டு இடுக்கிகளால் ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருப்புங்கள். பக்கவாட்டில் இழுத்தால் வட்டம் கெட்டு, மறுபடி சரியாக மூடாது.

சிட்டு: எந்தப் பசை நல்லது?

எதோடு எதை ஒட்டுகிறீர்கள் என்று சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது. மேலே உள்ளதைப் படியுங்கள்.

முல்லை: தோட்டத்துப் பூவை ரெசினில் (கெட்டியாக்கி கலந்தால் இறுகும் திரவப் பிசின்) பதித்தால் பழுப்பாகிவிடுகிறது.

பூவில் ஈரம் இருக்கிறது. கனமான புத்தகத்துக்கு நடுவே இரண்டு மூன்று வாரம் வைத்து, தொட்டால் சலசலக்கும் வரை காய வையுங்கள். ரெசினையும் கெட்டியாக்கியையும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் விகிதத்தில்தான் கலக்க வேண்டும். கெட்டியாக்கியைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது போகாது. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

அம்முலு: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மணி வைத்த கைச்சங்கிலி?

வேண்டாம். 3 வயதுக்குக் கீழே மணி, பொத்தான், கல் எதுவும் கூடாது. தொண்டையில் சிக்கும். ஃபெல்ட் துணியில் பூ வெட்டி, சட்டையிலேயே அழுத்தமாகத் தைத்துக் கொடுங்கள்.

ஊசிநூல்: கைப்பைக்கு ஜிப் தைக்கும்போது மெஷினில் நூல் அறுகிறது.

தையல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

மழைத்துளி: நாளைக் காலை பிறந்தநாள், இன்று இரவுதான் நேரம். எந்தப் பசை சீக்கிரம் காயும்?

பசையே இல்லாமல், கயிற்றில் முடிச்சுப் போட்டுச் சாவிக்கொத்து செய்யுங்கள். 3 மி.மீ. பருத்திக் கயிறு 80 செ.மீ. நீளத்தில் இரண்டு எடுங்கள். ஒரு பக்கம் 20, மறு பக்கம் 60 வரும்படி மடித்து, மடிப்பைச் சாவி வளையத்துக்குள் விட்டு, முனைகளை மடிப்புக்குள் நுழைத்து இழுங்கள். குட்டை நூல்கள் நடுவில், நீளமானவை வெளியில். வலது நூலை நடு நூல்களின் மேல் குறுக்கே போட்டு, இடது நூலை அதன் மேல் கொண்டுவந்து, நடு நூல்களின் அடியில் விட்டு வலப்பக்கத்தில் வலது நூல் விட்ட வளைவு வழியாக இழுங்கள். அடுத்த முறை இடதிலிருந்து தொடங்குங்கள். பக்கம் மாற்றாமல் போட்டால் தானாக முறுக்கிக்கொண்டு வரும், அதுவும் அழகுதான். 10 செ.மீ. முடிந்ததும் எல்லா நூலையும் சேர்த்து ஒரு முடிச்சு. மீதியைப் பிரித்துச் சீப்பால் வாரி, நேராக வெட்டிவிடுங்கள்.